சுண்ணாம்பு போட்ட பதினோரு மரம்

எரியோடு
12.6.2024

சேசு மரி சூசை துணை. இதில் மூன்றாவதாக வருகிற சூசை நான் இல்லை.

அன்புள்ள அல்போன்சா அக்காவுக்குத் தம்பி சூசைமுத்து எழுதுவது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் மரியசெல்வி சொல்லுவாள், பெண்டாட்டி வாயால் கேட்டால் இன்னும் அசிங்கமாக இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை மீசைக்குச் சாயம் பூசினேன். கண்ணாடி பார்க்காமல் பூசியதில் மேலுதடும் மூக்கின் அடியும் சேர்ந்து கறுத்துவிட்டது. அப்படியே பூசைக்குப் போனேன். நன்மை அப்பம் வாங்க நாக்கை நீட்டியபோது சாமியார் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கொடுத்தார். தூரத்திலிருந்து கொடுத்தார்.

உன் காது எப்படி இருக்கிறது? போனில் நான் கத்தினால் "என்னடா திட்டுற" என்று நீ வைத்துவிடுகிறாய். உனக்குக் காதும் எனக்கு வாயும் சரியில்லாததால் தபால்காரருக்கு வேலை கிடைக்கிறது. முட்டிவலி தைலம் அனுப்பட்டுமா?

சாயத்துக்குக் காரணம் உண்டு. சென்னையிலிருந்து ஒரு டிரஸ்டுக்காரர்கள் வந்திருக்கிறார்கள். மோகன்குமார் என்று ஒரு சார். நம்முடைய கரட்டு நிலம் இருக்கிறதே, ஐந்து ஏக்கர் பாறையும் முள்ளும், அதைக் காடாக்கித் தருவார்களாம். செலவெல்லாம் ஏதோ கம்பெனியுடையது.

"அது இப்பவே காடுதான சார்" என்றேன்.

"இது முள்ளுங்க. காடு வேற" என்றார்.

அவர் படித்தவர். நான் ஐந்தாம் வகுப்பு, அதிலும் கடைசிப் பரீட்சை எழுதவில்லை. இருபது வருஷம் விறகு வெட்டினவனுக்குக் காட்டைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் வாசலில் பலகை வைப்பார்களாம். அய்யா பேரும் அம்மா பேரும் மேலே, கீழே என் படம், "வனக் காவலர் சூசைமுத்து" என்று. அதற்குத்தான் மீசை.

பட்டா நம் இரண்டு பேர் பேரிலும் இருப்பதால் உன் கையெழுத்து வேண்டும். தாள் என்னிடம் இருக்கிறது, நீ சரி என்றால் அனுப்புகிறேன்.

மச்சானுக்கு என் வணக்கம். மரியசெல்வி கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

தம்பி
சூசைமுத்து

*

வால்பாறை
2.7.2024

அன்புத் தம்பி சூசைக்கு ஆசீர்வாதம்.

கடிதம் கிடைத்தது. காது அதே கதைதான். தைலம் வேண்டாம், போன வருஷம் அனுப்பியதே இருக்கிறது, வாடை தாங்கவில்லை. சாயம் போய்விட்டதா?

இங்கே மழை விடவில்லை. புதன்கிழமை யானை வந்து எங்கள் எஸ்டேட் லயத்து அடுப்படிச் சுவரைத் தள்ளி ரேஷன் அரிசியை எடுத்துக்கொண்டது. பருப்பைத் தொடவில்லை. வெஞ்சனம் இல்லாமல் சாப்பிடும் போலிருக்கிறது.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். கரட்டில் தேவாங்கு இன்னும் இருக்கிறதா? உன் ஆட்கள் சீமைக்கருவேலத்தை மட்டும் எடுப்பார்களா, உசிலை, உடை, காரை என்கிற நாட்டு மரம் எல்லாவற்றையும் சேர்த்து வழித்துவிடுவார்களா? இந்த மலையிலும் காடு வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு செடி வைப்பதற்கு முன்னால் பத்து நாள் குனிந்து தரையைப் பார்க்கிறார்கள். என்ன முளைக்கிறது, யார் வந்து போகிறார்கள் என்று நோட்டில் எழுதுகிறார்கள். உன் மோகன்குமார் தரையைப் பார்த்தாரா?

பலகை எல்லாம் அப்புறம். இதற்குப் பதில் எழுது.

மரியசெல்விக்கு என் அன்பு.

அக்கா
அல்போன்சா

*

எரியோடு
15.7.2024

அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் சுகம், நீங்களும் அப்படியே இருக்க அந்தோணியாரை வேண்டிக்கொள்கிறேன். அரிசி தின்ற யானைக்கும் சேர்த்துத்தான்.

தரையைப் பார்த்தாரா என்று கேட்டாய். பார்க்கவில்லை. டிரோன் விட்டு மேலேயிருந்து பார்த்தார். அது வழி தவறிப் பக்கத்து நிலத்து ஒச்சம்மாக்கா வீட்டு மேலே போய் நின்றது. அக்கா மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தது. "ஏலே சூசை! ஒன் காட்டுக்காரன் ஈய விட்டு என் வீட்ட மோந்து பாக்குறான். எறக்கச் சொல்லு, இல்ல வாரியக்கட்டையால நான் எறக்குவேன்" என்று கத்தியது. மோகன்குமார் சார் அதையும் படம் எடுத்தார். உள்ளூர் மக்களின் ஆர்வம் என்று போடுவாராம்.

ஒச்சம்மாக்காவிடமும் நிலம் கேட்டார்கள். "என் வேலியில கைய வச்சா கை இருக்காது" என்று சொல்லிவிட்டது. அது கிடக்கட்டும்.

தேவாங்கு இருக்கிறது. டிரஸ்டில் அனிஷா என்று ஒரு பிள்ளை வேலை பார்க்கிறது, திண்டுக்கல்லில் விலங்கியல் படித்த பிள்ளை, அதுதான் அங்கே ஒரே ஒரு மனுஷி. நானும் அதுவும் நாலு நாள் கரடு முழுக்கச் சுற்றினோம். பகலில் முள்ளுக்குள்ளே கிளையைக் கட்டிப்பிடித்துப் பந்து மாதிரி சுருண்டு தூங்குகிறது. சித்திரை வெயிலிலேயே அசையாத சோம்பேறி, ஆனியில் அசையுமா? மொத்தம் பதினோரு மரத்தில் பார்த்தோம். உசிலை ஐந்து, உடை நாலு, வெள்வேலம் இரண்டு.

"அண்ணே, இந்த மரத்துக்கெல்லாம் ஏதாச்சும் அடையாளம் போட்டுருங்க. மிஷின்காரங்களுக்குத் தெரியணும்" என்றது பிள்ளை. வீட்டில் சுண்ணாம்பு இருந்தது. பதினோரு மரத்துக்கும் இடுப்பு உயரத்தில் பட்டை போட்டுவிட்டேன். தூரத்திலிருந்து பார்த்தால் வரிசையாக விபூதி பூசி நிற்கிறமாதிரி இருக்கிறது. நம்ம சாமியார் இன்னும் பார்க்கவில்லை.

ஆகவே பயம் வேண்டாம். சீமைக்கருவேலம் போகும், தேவாங்கு இருக்கும், பலகை வரும். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடு.

மச்சானுக்கு வணக்கம்.

தம்பி
சூசை

*

வால்பாறை
9.8.2024

அன்புத் தம்பிக்கு.

யோசித்து யோசித்து ஒரு மாதம் ஓடிவிட்டது. கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். மனசில்லாமல்தான் போட்டேன். காரணத்தை நேரில் பார்க்கும்போது சொல்கிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. மிஷின் வருகிற அன்றைக்கு நீ காலையிலிருந்து சாயங்காலம் வரை கரட்டில் நிற்க வேண்டும். யாரை நம்பியும் விட்டுவிட்டுப் போகாதே. சாப்பாட்டைக்கூட அங்கேயே கொண்டுவரச் சொல். அந்தப் பதினோரு மரமும் உன் பொறுப்பு.

மச்சானுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், இப்போது தேவலை. மரியசெல்வியை விசாரித்தேன் என்று சொல்.

அக்கா
அல்போன்சா

*

எரியோடு
18.9.2024

அன்புள்ள அக்காவுக்கு, இங்கு யாவரும் நலம். மச்சான் காய்ச்சல் முழுக்க விட்டதா?

மிஷின் வேலை ஆகஸ்டு கடைசியில் முடிந்தது. இடம் சுத்தமாக இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நடவு விழா நடந்தது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு குமட்டல்.

மூன்று பஸ்ஸில் ஆட்கள் வந்தார்கள். எல்லாருக்கும் பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி. இறங்கின உடனே ஒரு அம்மா என்னிடம் "இங்க ரெஸ்ட்ரூம் எங்க?" என்று கேட்டாள். ஐந்து ஏக்கர் என்றேன். அவளுக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாயிரம் கன்றை நாற்பது நிமிஷத்தில் நட்டார்கள். எப்படி என்று கேள். வேரைச் சுற்றியிருக்கிற பிளாஸ்டிக் பையைக் கிழிக்காமல் அப்படியே குழியில் இறக்கி, மண்ணைக் காலால் தள்ளி, பக்கத்தில் உட்கார்ந்து சிரித்து, படம் எடுத்து, அடுத்தது. நான் ஒருவரிடம் "சார், பையக் கிழிக்கணும்" என்று சொன்னேன். அவர் "டைம் இல்லண்ணா, பஸ் ரெண்டு மணிக்கு" என்றார். செடிக்கு ஜட்டி போட்டுப் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நட்டது என்ன மரம் தெரியுமா? மகோகனி. இந்தப் பாறையில், நம்ம ஊர் மழையில், மகோகனி. தேக்கு வைத்திருந்தால்கூடச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

அப்புறம் பிரியாணி. பாறை மேலே உட்கார்ந்து தின்றார்கள். எலும்பை எங்கே துப்பினார்கள் என்று நான் எழுதமாட்டேன், நீ பக்தியுள்ளவள். போன பிறகு போய்ப் பார்த்தேன். தட்டு, டம்ளர், தண்ணீர் பாட்டில், தயிர்ப்பச்சடிக் கிண்ணம், யாரோ கழற்றிப் போட்ட காலுறை ஒன்று. ஒன்றுதான். இன்னொன்றைப் போட்டுக்கொண்டு எப்படிச் சென்னை போனானோ. சாயங்காலம் ஊர் நாய் மொத்தமும் கரட்டுக்கு வந்துவிட்டது. இன்னும் போகவில்லை.

மோகன்குமார் சார் மைக்கில் "இன்று இந்தப் பொட்டல் உயிர் பெறுகிறது" என்று பேசினார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அதை நினைத்தால்தான் மற்றதைவிட அதிகமாகக் குமட்டுகிறது.

மரியசெல்வி உனக்கு முருங்கைப் பொடி அனுப்பியிருக்கிறாள்.

தம்பி
சூசை

*

வால்பாறை
6.10.2024

அன்புத் தம்பிக்கு.

பொடி கிடைத்தது. மச்சான் நலம். எனக்கு மூச்சு கொஞ்சம் இளைக்கிறது, குளிர்தான்.

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். படித்து நான் சிரித்தேன், மச்சானும் சிரித்தார். ஒற்றைக் காலுறை வரைக்கும் எழுதியிருக்கிறாய். தேவாங்கைப் பற்றி ஒரு வரி இல்லை. மிஷின் வேலையைப் பற்றி இரண்டே வரி. விட்டுப்போனதா?

அக்கா

*

எரியோடு
19.10.2024

அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் சுகம். மூச்சு இளைப்புக்குச் சித்தரத்தை போட்டுக் குடி.

பலகை வந்துவிட்டது. அய்யா அம்மா பேர் மேலே என்றார்களே, மேலே கம்பெனி பேர். அதற்குக் கீழே டிரஸ்டு. அதற்குக் கீழே மோகன்குமார் சார் ஒரு கன்றைக் குழந்தை மாதிரி தூக்கிவைத்திருக்கிற படம். கடைசியில் ஓரத்தில் நான், தபால்தலை அளவுக்கு. அய்யாவும் அம்மாவும் பலகையிலேயே இல்லை. அவர்கள் பிழைத்தார்கள்.

கன்று பாதிக்கு மேல் காய்ந்துவிட்டது. சொட்டுநீர்க் குழாயை அணில் கடித்துவிட்டது. போன் போட்டால் மோகன்குமார் சார் எடுப்பதில்லை, இப்போது கடற்கரையில் ஆமை விடுகிறாராம். ஆமைக்கு நான் ஒரு ஜெபமாலை சொன்னேன். அனிஷா வேலையை விட்டுவிட்டது.

தேவாங்கைப் பற்றிக் கேட்டாய். அது இருட்டில் நடமாடுகிற ஜீவன். நான் எட்டு மணிக்கே படுத்துவிடுகிறேன். எங்களுக்குள் சந்திப்பு இல்லை.

மழை தொடங்கியிருக்கிறது. மச்சானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி
சூசை

*

வால்பாறை
1.11.2024

சூசை, பதினோரு மரம் நிற்கிறதா, இல்லையா? அதை மட்டும் எழுது. தமாஷ் வேண்டாம்.

அக்கா

*

எரியோடு
12.11.2024

அக்கா,

நிற்கவில்லை. பதினொன்றும் போய்விட்டது.

இதை எழுத இரண்டரை மாதம் ஆகிவிட்டது. நீ எனக்குச் சொன்னது ஒரே ஒரு வேலை, கரட்டில் நில் என்று. நான் நிற்கவில்லை. ஆகஸ்டு இருபத்தெட்டாம் தேதி காலையில் மிஷின் வந்தது. ஒன்பது மணிக்கு மோகன்குமார் சார் போன் போட்டு, பலகைக்குப் படம் இன்றைக்கே வேண்டும் என்றார். நான் கரட்டை விட்டு இறங்கி, பஸ் பிடித்துத் திண்டுக்கல் போய், நாகல் நகரில் ஒரு சலூனில் மீசைக்குச் சாயம் போட்டுக்கொண்டு, பக்கத்து ஸ்டூடியோவில் உட்கார்ந்து படம் எடுத்தேன். மூன்று தடவை எடுத்தேன். முதல் இரண்டிலும் கண்ணை மூடிவிட்டேன்.

திரும்பி வரும்போது மணி மூன்று. மரம் அறுக்க வந்தது யார் தெரியுமா? நம்ம நல்லுசாமி மேஸ்திரி. அவனும் நானும் சேர்ந்து இருபது வருஷம் விறகு வெட்டியிருக்கிறோம். அறுத்துப் போட்ட உசிலை மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"வா மாப்ளே. நீ பட்டை போட்டு வச்சது எம்புட்டு நல்லதாப் போச்சு. எதுன்னு தேடாம மொதல்ல அத முடிச்சுட்டோம்ல" என்றான்.

அக்கா, நீ கல்யாணமாகி மலைக்குப் போய்விட்டாய், உனக்கு இது தெரியாது. விறகு வியாபாரத்தில் விலை முடிந்த மரத்துக்குச் சுண்ணாம்பில் ஒரு பட்டை போடுவோம். பட்டை போட்ட மரம் என்றால் வெட்டுகிற மரம். எங்கள் ஆட்கள் யாரும் அதற்குமேல் கேட்கமாட்டார்கள். அனிஷா பிள்ளைக்கு அது தெரியாது, மோகன்குமாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நானே அப்படி எத்தனை மரம் சாய்த்திருக்கிறேன். கையில் இருந்தது சுண்ணாம்பு, பழகின கை பட்டை போட்டுவிட்டது. நான்தான் அங்கே நிற்கப் போகிறேனே, வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அப்புறம் நிற்கவும் இல்லை.

நல்லுசாமி மேல் தப்பு இல்லை. நான் சொன்ன பிறகு டீயைக் கீழே ஊற்றிவிட்டான்.

கிளைகளைப் புரட்டினோம். இரண்டு தேவாங்கு நசுங்கிக் கிடந்தது. ஒரு தாய் உயிரோடு இருந்தது, வயிற்றில் குட்டி ஒட்டியிருந்தது. அப்போதுதான் அனிஷாவோடு வந்து இறங்கிய மோகன்குமார் அதை எடுத்து ஒருவன் தோளில் உட்காரவைத்து வீடியோ எடுக்கச் சொன்னார். வெயிலில் அதற்குக் கண் கூசுகிறது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டது. "பாருங்க, வெக்கப்படுது" என்று எல்லாரும் சிரித்தார்கள். அனிஷா ஓடி வந்து பிடுங்கித் துப்பட்டாவில் சுற்றி, வனத்துறைக்குப் போன் போட்டது. அவர்கள் வந்து தாயையும் குட்டியையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அனிஷா அன்றைக்கே கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பியது. போகும்போது என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மற்றது எல்லாம் ஒச்சம்மாக்கா வேலிக்குள் ஊர்ந்து போய் ஒளிந்துவிட்டது. கோடாலிக்கு முன்னால் ஓடுகிற வேகம் அதற்கு இல்லை, எத்தனை பிழைத்தது என்று எனக்குத் தெரியாது.

என் மேலே எனக்கு வருகிற அருவருப்பு பிரியாணி எலும்பு மேலே வரவில்லை. அந்தப் படத்தில் நான் நன்றாக இருக்கிறேன்.

சூசைமுத்து

*

எரியோடு
20.12.2024

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து.

உன் கடிதம் வரவில்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே சைக்கிளை வேறு சந்தில் திருப்புகிறார், அந்த அளவுக்குக் கேட்டிருக்கிறேன். உன் மூச்சு எப்படி இருக்கிறது, அதையாவது யாரையாவது விட்டு எழுதச் சொல்.

மீசையைச் சிரைத்துவிட்டேன். மரியசெல்வி அன்றைக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

கரட்டில் பொறுக்கின பிளாஸ்டிக் பதினாலு மூட்டை. செடி செத்த பைகளையும் தோண்டி எடுக்கிறேன். ஒன்றில் மரவட்டை குடும்பம் நடத்துகிறது, அதை விட்டுவிட்டேன். எல்லையில் கிளுவைப் போத்து வெட்டி வரிசையாக ஊன்றியிருக்கிறேன். மழை ஈரத்தில் துளிர்க்கிறது. அது வேலியாக வளர மூன்று வருஷம் ஆகும்.

அதுவரைக்கும்தான் சிக்கல். ஒச்சம்மாக்கா வேலிக்குள் ஐந்து தேவாங்கு இருக்கிறது. அக்கா தினமும் சாயங்காலம் எண்ணி எனக்குச் சொல்லும். அந்த வேலி குறுகல், பூச்சி போதவில்லை. நம் கரட்டின் உச்சியில் மிஷின் ஏற முடியாத பாறையில் காரைப் புதர் ஒன்று பெரிதாகத் தப்பியிருக்கிறது, அதற்குப் பின்னால் மலை வரைக்கும் முள்தான். அங்கே போய்விட்டால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் வேலிக்கும் புதருக்கும் நடுவில் அறுபது அடி நான் மொட்டையடித்துக் கொடுத்த தரை. தேவாங்கு தரையில் இறங்கினால் தவழ்கிற பிள்ளை மாதிரிதான் போகும். போன வாரம் ஒன்று இறங்கியது. பிரியாணி தின்ன வந்த நாய்கள் பார்த்துவிட்டன. இப்போது நாலு.

"ஏலே, அன்னைக்கு ஈ விட்டுப் பாத்தானே, அவனக் கூப்புடு. எலும்பப் பொறுக்கி நாயோட போகச் சொல்லு" என்கிறது ஒச்சம்மாக்கா. அதற்கும் என்னைப் பிடிக்கவில்லை. ஆனால் பேசுகிறது.

தம்பி
சூசை

*

வால்பாறை
10.1.2025

சூசைக்கு.

உன் நவம்பர் கடிதத்தைப் படித்து அடுப்பில் போட்டேன். எழுதினால் கெட்ட வார்த்தை வரும் என்று எழுதவில்லை. மூச்சு பரவாயில்லை.

கையெழுத்துக்கு ஒரு மாதம் யோசித்த காரணம் இதுதான். மார்ச்சோடு எனக்கு எஸ்டேட்டில் வேலை முடிகிறது. முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். கரட்டில் பாறையோரம் ஒரு அறை போட்டு மச்சானும் நானும் வந்துவிடலாம் என்று நினைத்திருந்தோம். உன்னிடம் சொன்னால் நீ பாவம் பார்த்துப் பலகையை விட்டுக்கொடுப்பாய் என்று எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். அது என் தப்பு. மற்றது எல்லாம் உன் தப்பு.

இப்போது நான் சொல்வதைக் கேள். இங்கே சிங்கவால் குரங்கு ரோட்டைத் தாண்டும்போது வண்டியில் அடிபட்டுச் சாகும். காட்டைப் பார்க்கிறவர்கள் இந்தப் பக்கத்து மரத்துக்கும் அந்தப் பக்கத்து மரத்துக்கும் ரோட்டின் மேலே பாலம் மாதிரி கட்டிவிட்டார்கள். வேறொன்றும் இல்லை, தீயணைப்பு வண்டிக்குப் போடுகிற பழைய குழாய். முதலில் குரங்குகள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தன. பிறகு ஒரு கிழட்டுக் குரங்கு போனது. இப்போது குட்டியைச் சுமந்துகொண்டு போகின்றன, நான் தினமும் கொழுந்து எடுக்கப் போகும்போது பார்க்கிறேன்.

நம் ஊரில் தேங்காய் நார்க் கயிற்றுக்குப் பஞ்சம் இல்லை. கட்டு. தொய்யாமல் கட்டு.

டிரஸ்டுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன், இனிமேல் நிலத்தில் கால் வைக்கக்கூடாது என்று. பதிவுத் தபாலில் அனுப்பு.

மார்ச் கடைசியில் வருகிறோம். உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மரியசெல்விக்கு என் அன்பு.

அக்கா
அல்போன்சா

*

எரியோடு
9.2.2025

அன்புள்ள அக்காவுக்கு, இங்கு யாவரும் நலம். மச்சான் நலமா? மூட்டைகளை இப்போதே கட்ட ஆரம்பித்துவிடு, கடைசியில் அவசரப்பட்டால் உனக்கு மூச்சு வாங்கும்.

பதிவுத் தபால் அனுப்பிவிட்டேன். கயிறும் கட்டியாகிவிட்டது. அகரத்துப் பக்கம் ஒருவரிடம் புதுக் கயிறு வாங்கினேன், கட்டைவிரல் கனம். ஒச்சம்மாக்கா வேலியில் இருக்கிற உசிலையிலிருந்து காரைப் புதர் வரைக்கும், நடுவில் தொய்யாமல் இருக்க ஒரு கல்தூண். மேலே ஏறிக் கட்டியது நல்லுசாமி. நான் கூப்பிடவில்லை. தானாக வந்தான். "எங்க கட்டணும்" என்று மட்டும் கேட்டான். கட்டி முடித்து இறங்கி, கல்தூணைப் பார்த்து, "இதுல எதுவும் பூசித் தொலைச்சிராத மாப்ளே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. முதல் நாள் ஒரு காக்கை உட்கார்ந்தது. மூன்றாம் நாள் ஓணான். ஒச்சம்மாக்கா தன் சேலையைக் காயப்போட்டது. "சும்மாதான கெடக்கு" என்றது. எனக்கும் அக்காவுக்கும் அதில் பெரிய சண்டை. பக்கத்துத் தோட்டத்தார் வேடிக்கை பார்க்க வந்து, தேவாங்குக்குத் துணிக்கொடி கட்டின கிறுக்கன் என்று எனக்குப் பேர் வைத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு மறுநாள் வேலிக்குள் எண்ணினபோது மூன்றுதான் கண்ணில் பட்டது. நான்காவதை நாய் பிடித்ததா என்று கரடு முழுக்கத் தேடினேன். எதுவும் கிடைக்கவில்லை. எனக்கு அன்றைக்கெல்லாம் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. மரியசெல்வி, இப்படியே இருந்தால் வீடு நிம்மதியாக இருக்கும் என்று சொல்லியும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று விடியற்காலையில் கரட்டுக்குப் போனேன். கயிற்றுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். கல்தூணைத் தாண்டி நம் பக்கத்தில் ஒரு தேவாங்கு போய்க்கொண்டிருந்தது. கை, கால், கை, கால் என்று நிதானமாகப் போனது. வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு நேர் மேலே வந்ததும் நின்றது. சிறுநீர் கழித்தது. முழுக்க வாய்க்குள் விழுந்தது. உப்பாக இருந்தது, கொஞ்சம் கரப்பான் பூச்சி வாடையும் இருந்தது. அது பிறகு காரைப் புதருக்குள் போய்விட்டது. அப்போது மணி ஆறேகால். நான் மூன்று தடவை கொப்பளித்தேன்.

மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை.

தம்பி
சூசைமுத்து